டீச்சரைக் கேளுங்கள்: பேர் எழுத வேண்டியது யார்?

சென்ற இதழில், என் பழைய வாக்களிப்பு அட்டைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களே ஒரு டின் நிறைய இருக்கின்றன. முழங்கால் வலி, பேரப்பிள்ளைகளின் தமிழ், ரசம் கசக்கிறது என்பன போன்ற கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகட்டும். இந்த மாதம் வாக்காளர் பதிவேடு மட்டும்.

கேள்வி: டீச்சர், என் தங்கை குடும்பம் ஆக்லாந்தில் இருக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த அவள் மகனுக்குப் பதினெட்டு வயதாகிறது. வாக்காளராகப் பதிந்துகொள்வது அங்கே சட்டப்படி கட்டாயமாம். ஆனால் ஓட்டுப் போடுவது அவரவர் இஷ்டமாம். பந்தியில் வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும், சாப்பிடாமல் எழுந்து போகலாம் என்பது மாதிரி இருக்கிறது. பேர் பதிவதற்கெல்லாம் சட்டம் போட வேண்டுமா? நம் சிங்கப்பூரில் நான் எந்தப் பாரமும் (படிவமும்) நிரப்பியதாக நினைவில்லையே! (சுவா சூ காங் வாசகர்)

உங்கள் பந்தி உவமை எனக்குப் பிடித்துவிட்டது. அதை வைத்தே சொல்கிறேன். இலை போடுவது யார் என்பதை மட்டும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நியூசிலாந்தில் பந்திக்கு வருகிறவர் இலையைத் தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். 1924லிருந்து அது சட்டம். சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவர் பாடு. ஆஸ்திரேலியாவில் உட்காரவும் வேண்டும், சாப்பிடவும் வேண்டும். தக்க காரணம் இல்லாமல் எழுந்து போனால் கூட்டரசுத் தேர்தலுக்கு 20 டாலர் தண்டம். இந்தியாவில் எந்தக் கட்டாயமும் கிடையாது. இலை வேண்டுமென்றால் படிவம் 6ஐ நிரப்பி நீங்கள்தான் கேட்க வேண்டும். நம் சிங்கப்பூரில் அரசாங்கமே இலையைப் போட்டு, பேர் எழுதி, வரிசை எண்ணும் கொடுத்து வைத்துவிடுகிறது. குடிமகனாக இருந்து, 21 வயது ஆகி, அடையாள அட்டையில் உள்ளூர் முகவரி இருந்தால் போதும். அதனால்தான் பாரம் நிரப்பிய நினைவு உங்களுக்கு இல்லை. ஆனால் சாப்பிடாமல் எழுந்து போனால் அடுத்த பந்தியில் உங்கள் இலை இருக்காது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நம் ஊரிலும் ஒரு காலத்தில் இலையைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. 1948 மார்ச்சில் சட்டமன்றத்துக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்தது. மொத்தம் ஆறே இடங்கள். பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு மட்டும்தான் ஓட்டு. அதுவும் தாமாகப் போய்ப் பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும். அதற்கு முந்தைய ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தீவின் மக்கள் தொகை 9 லட்சத்து 38 ஆயிரம். பதிந்துகொண்டவர்களோ 22,000 பேருக்குக் கொஞ்சம் மேல். அந்த 22,000த்தில் என் அப்பா ஒருவர். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து துறைமுகத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவர். கிராணி என்றால் நாள் முழுக்கப் பாரத்தோடு புழங்குகிற ஆள். ஒரு பாரத்தைக் கண்டு பயப்பட மாட்டார். அன்றைய மக்கள் தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தியர்கள் அந்தப் பதிவேட்டில் மட்டும் தங்கள் எண்ணிக்கைக்கு மீறி நிறைந்திருந்ததற்கு, அப்பாவைப் போன்ற கிராணிகளும் ஒரு காரணம் என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.

அம்மா பேர் அதில் இல்லை. அம்மா கப்பலேறி வந்தவர் இல்லை. இந்த ஊரிலேயே, கேகே மருத்துவமனையில் பிறந்தவர். அப்பாவைவிட இந்த மண்ணுக்கு அவர்தான் உரியவர். 1948ல் வயதும் 23. "ஏன்மா நீ பதியல?" என்று பின்னாளில் கேட்டேன். "யார் என்னைக் கேட்டா? உங்கப்பா அவர் பாரத்தை நிரப்பிக் குடுத்துட்டு வந்து, இன்னைக்கு ஆபீஸ்ல இப்படின்னு சாப்பிடும்போது சொன்னாரு. நான் மோர் ஊத்திக்கிட்டிருந்தேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

1951 தேர்தலுக்கும் பதிந்தவர்கள் 50,000 பேரைத் தொடவில்லை. பிறகு, அரசமைப்பைத் திருத்தி அமைக்க யோசனை சொல்லும் ரெண்டல் ஆணையம் வந்தது. அடையாள அட்டைப் பதிவுகளை வைத்து அரசாங்கமே பெயர்களை எழுதிவிடலாம் என்று ஏற்பாடானது. 1955ல் பதிவேட்டில் சுமார் 3 லட்சம் பேர். நான்கே ஆண்டுகளில் ஆறு மடங்கு! ஊரில் திடீரென்று அரசியல் ஆர்வம் ஆறு மடங்கு பெருகிவிட்டதா என்ன? பாரம் நிரப்புகிற வேலை மக்கள் தலையிலிருந்து இறங்கி அரசாங்கத்தின் மேசைக்குப் போனது. என் அம்மா பேரும் அப்போதுதான் ஏறியது, யாரும் கேட்காமலே.

ஆனாலும் அந்தத் தேர்தலில் அம்மா ஓட்டுப் போடவில்லை. பேர் இருந்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் மேலானவர்கள்தான் போட்டார்கள். 1959ல் வாக்களிப்பும் கட்டாயம் என்று வந்தது. அப்போது எனக்கு ஏழு வயது. அம்மா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஊதா நிறச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனது நன்றாக நினைவிருக்கிறது. அப்பா வாசலில் நின்று, "இந்த வெயில்ல நீ எதுக்கு அலையுற?" என்றார். அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "சட்டம். போகலைன்னா தப்பு."

கட்டாயம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு ஒரு சுணக்கம் வருகிறது, சுதந்திரத்தில் கை வைக்கிறார்களே என்று. அந்தச் சுணக்கம் எனக்கும் உண்டு. ஆனால் வீட்டுக்குள் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டிய நிலையில் இருப்பவருக்குச் சட்டம் நல்ல சாக்கு. 'எனக்கு ஆசையாக இருக்கிறது' என்று என் அம்மா அப்பாவிடம் சொல்லியிருக்கவே மாட்டார். 'சட்டம்' என்று சொல்ல முடிந்தது. முதலாளியிடம் அரை நாள் விடுப்புக் கேட்க வேண்டியவருக்கும் இதேதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. தேர்தல் வந்தால் ஆசிரியர்களை வாக்களிப்பு நிலையத்தில் வேலைக்குப் போடுவார்கள். நானும் சில தேர்தல்களில் உட்கார்ந்திருக்கிறேன். பதிவேட்டில் ஸ்கேலை வைத்து, வரிசை எண்ணையும் பேரையும் உரக்கப் படித்து, கோடு போடுவேன். சீன உச்சரிப்பில் நான் செய்த கொலைகளை இங்கே எழுத மாட்டேன். அப்படிப்பட்ட எனக்கு 2011 ஏப்ரல் கடைசியில் வாக்களிப்பு அட்டை வரவில்லை. தெம்பனிஸ் வீட்டுக்குக் கணவர் அட்டை வந்தது, மகள் அட்டை வந்தது. மறுநாளும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தேன். பீட்சா விளம்பரமும் குளிர்சாதனப் பெட்டி கழுவ ஆள் கிடைக்கும் என்ற துண்டுத்தாளும் மட்டும்தான். தொலைபேசியில் விசாரித்தபோது மறுமுனையில் ஒரு பையன் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: 2006ல் நீங்கள் வாக்களிக்கவில்லை மேடம், அதனால் பெயர் நீக்கப்பட்டுவிட்டது.

2006 மே 6ஆம் தேதி நான் கும்பகோணத்தில் இருந்தேன். மாமியார் காரியம். திரும்பி வந்து எழுதிக் கொடுத்திருந்தால் அப்போதே பேரைச் சேர்த்திருப்பார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து வருடம் ஓட்டிவிட்டேன். முழுக்க என் சோம்பல். வீட்டுப்பாடம் கொண்டு வராத பிள்ளைகளை எத்தனை பேரை வகுப்பில் நிற்க வைத்திருப்பேன்! அந்த மே 7ஆம் தேதி கணவரோடு பள்ளிக்கூட வாசல்வரை நடந்து போனேன். அவர் உள்ளே போனார். நான் எதிரே காப்பிக்கடையில் ஒரு தே ஓ கோசோங்கை (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரிந்தவர்கள் எல்லாம் வருகிறார்கள், "டீச்சர், போட்டாச்சா?" என்று கேட்கிறார்கள். சிரித்து வைத்தேன்.

அடுத்த வாரமே பழைய விமான டிக்கெட்டைத் தேடியெடுத்து எழுதிக் கொடுத்தேன். பேர் திரும்ப ஏறியது. ஆகஸ்ட் 27ல் அதிபர் தேர்தல். நான்கு பேர் நின்றார்கள், நால்வருக்கும் குடும்பப் பேர் டான். டாக்டர் டோனி டான் ஜெயித்தார், இரண்டாவதாக வந்தவரைவிட 7,000த்துச் சொச்சம் ஓட்டு அதிகம். நாடு முழுக்க 20 லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்த தேர்தலில் அவ்வளவுதான் இடைவெளி. நான் யாருக்குப் போட்டேன் என்பது என் பாடு. ஆனால் அந்த இரவு முடிவுக்காகக் காத்திருந்தபோது, பதிவேட்டில் என் பேர் இருக்கும் அந்த ஒரு வரியை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: சட்டம் வேண்டும், ஆனால் அது முதலில் அரசாங்கத்தைக் கட்டிப்போட வேண்டும். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, தேசிய சேவை, வரி என்று நம்மைப் பற்றிய எல்லாத் தகவலும் ஏற்கெனவே கையில் இருக்கிற அரசாங்கத்துக்கு, ஓட்டு என்றதும் மட்டும் நாம் போய் 'இங்கே இருக்கிறேன்' என்று கையைத் தூக்கிக் காட்ட வேண்டுமா? வரி வசூலிக்கும்போது நம்மைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள் இல்லையா! குடிமகனைப் பதியச் சொல்லிக் கட்டாயப்படுத்திவிட்டு அரசாங்கம் சும்மா இருந்தால், தண்டம் கட்டுகிறவர்கள் யாராக இருப்பார்கள்? வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர், எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர், மூன்று ஷிப்ட் வேலை பார்ப்பவர். கிராணிகள் எப்போதும் தப்பித்துக்கொள்வார்கள்.

உங்கள் தங்கை மகன் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவைக் கட்டாயமாக்கி, வாக்களிப்பை இஷ்டத்துக்கு விட்டது கிறுக்குத்தனம் என்று நான் நினைக்கவில்லை. தேர்தலன்று காலையில் எழுந்து, 'சரி, இன்றைக்குப் போடலாம்' என்று ஒருவனுக்குத் தோன்றினால், பேர் இல்லை என்பதற்காக அவன் திரும்பி வரக் கூடாது. அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. பையனைப் பதியச் சொல்லுங்கள்.

கேள்வி: அரசாங்கமே எழுதினாலும், என் பேரையும் வரிசை எண்ணையும் வைத்து நான் யாருக்குப் போட்டேன் என்று கண்டுபிடிக்க முடியாதா? வாக்குச்சீட்டிலும் எண் இருக்கிறதே. பதிவேடே இல்லாமல் ஓட்டுப் போட முடியாதா? (ஈசூன் வாசகி)

பதிவேடே இல்லாமல் நடத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் வடக்கு டக்கோட்டா மாநிலம். 1951லேயே வாக்காளர் பதிவை எடுத்துவிட்டார்கள். அடையாளத்தைக் காட்டிவிட்டுப் போடலாம். ஆள் குறைந்த மாநிலம், அவர்களுக்குச் சரிப்படுகிறது. நமக்கு வேண்டாம்.

எண் விஷயம் எங்கள் தெம்பனிஸ் காப்பிக்கடையில் ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகிற பேச்சு. வாக்குச்சீட்டில் எண் இருப்பது கள்ளச்சீட்டு கலந்துவிடாமல் பார்ப்பதற்கு. எண்ணி முடித்ததும் சீட்டுகளையும் அடிக்கட்டைகளையும் பெட்டியில் போட்டு முத்திரை வைத்து உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதம் அங்கே இருக்கும், பிறகு அழித்துவிடுவார்கள். நடுவில் திறக்க நீதிமன்ற ஆணை வேண்டும். எண்ணுமிடத்தில் சீட்டு மடிப்பைப் பிரித்து அடுக்குகிறவர்களுக்கு, சாமி சத்தியமாக, எண்ணைப் பார்க்க நேரம் இருக்காது. மேசையைச் சுற்றி எல்லாக் கட்சிகளின் முகவர்களும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஆனால் உங்கள் பயத்தில் வேறொரு நியாயம் இருக்கிறது; அதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எல்லாரும் பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றால், அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வேறு வட்டாரத்துக்குப் போய்விட்ட ஒரு பெண்ணின் புது முகவரியும் அதில் ஏறும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இப்படிப்பட்டவர்கள் விண்ணப்பித்தால், முகவரியோ பேரோ வெளியே தெரியாதபடி தனியாக வைக்கிறார்கள். கட்டாயப்படுத்துகிற சட்டம் எங்கே இருந்தாலும் இந்த ஏற்பாடும் கூடவே இருக்க வேண்டும் என்பேன்.

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் இந்தியக் குடிமகன், இங்கே நிரந்தரவாசி, மென்பொருள் வேலை. தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலுக்குத் தீவிரத் திருத்தம் என்று சொல்லி என் பேரை எடுத்துவிட்டார்கள் என்று அம்மா போனில் அழுகிறார். இருபது வருடமாக இருந்த பேர். இது அநியாயம் இல்லையா? (பொங்கோல் வாசகர்)

அம்மாவை முதலில் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. பேரை எடுத்ததால் குடியுரிமை போய்விடாது.

இப்போது கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன். இந்தியச் சட்டப்படி எந்த ஊரில் வழக்கமாகக் குடியிருக்கிறீர்களோ அந்த ஊர்ப் பட்டியலில்தான் உங்கள் பேர் இருக்க வேண்டும். நீங்கள் குடியிருப்பது பொங்கோலில். இருபது வருடமாக ஊரில் உங்கள் பேர் இருந்தது பட்டியலின் பழைய பாக்கி. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கென்று தனி வழி இருக்கிறது, படிவம் 6ஏ. கடவுச்சீட்டில் உள்ள இந்திய முகவரியை வைத்துப் பதிந்துகொள்ளலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கக் கூடாது. ஓட்டுப் போட நேரில், கடவுச்சீட்டோடு அங்கே போக வேண்டும். விமான டிக்கெட் விலையைப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய வசதி என்று உங்களுக்கே தெரியும்!

ஆனால் அம்மாவின் அழுகையில் இருக்கிற நியாயத்தை நான் தள்ளவில்லை. 2025ல் பீகாரில் இந்தத் திருத்தம் நடந்தபோது வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பேர்கள் விடுபட்டன. பிறகு நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கி, டிசம்பரில் வந்த வரைவில் 97 லட்சத்துக்கு மேல் காணோம். இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று காரணம் சொன்னார்கள். அதில் பெரும்பகுதி உண்மையாகவே இருக்கட்டும். மீதி? உயிரோடு, அதே தெருவில், அதே வீட்டில் இருக்கிற ஒரு பாட்டி பாரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதற்காகப் பட்டியலில் இல்லாமல் போனால், அவர்தான் திரும்பப் பாரம் நிரப்பி, தான் இருப்பதை நிரூபிக்க வேண்டும். சுவா சூ காங் வாசகருக்குச் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது: வேலை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை நீங்கள்தான். உங்கள் பேரை விடுங்கள். அம்மா பேர் இருக்கிறதா என்று இன்று ராத்திரியே இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: டீச்சர், நான் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவன். எங்கள் மலேசியாவில் எல்லாரையும் வாக்காளர் பதிவேட்டில் தானாகச் சேர்த்தார்கள். கடைசியில் ஓட்டு விழுக்காடு குறைந்ததுதான் மிச்சம். வேண்டாதவனைச் சேர்த்து என்ன பயன்? (ஜொகூர் பாரு வாசகர்)

நல்ல கேள்வி. விழுக்காட்டை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. 2018ல் சுமார் 82, 2022 நவம்பரில் சுமார் 74. ஆனால் கணக்கு டீச்சரிடம் விழுக்காட்டைக் காட்டினால் 'எதில்?' என்றுதான் முதலில் கேட்பார்.

2018ல் உங்கள் நாட்டில் பதிந்த வாக்காளர் சுமார் 1 கோடியே 49 லட்சம். பதினெட்டு வயதுக்கு ஓட்டு, தானாகப் பதிவு என்ற திருத்தம் 2019ல் நிறைவேறி 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்ததும், அடுத்த பொதுத்தேர்தலில் அது 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். உண்மையில் போய் வாக்களித்தவர்கள் 30 லட்சத்துக்கு மேல் கூடியிருக்கிறார்கள். முன்பு இவர்களில் பலர் எந்தக் கணக்கிலும் இல்லை. வீட்டில் உட்கார்ந்திருந்த பதியாதவரை விழுக்காடு எண்ணுவதே கிடையாது. அதனால்தான் பழைய விழுக்காடு அழகாகத் தெரிந்தது. வகுப்புக்கு வராத பிள்ளைகளின் பேரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டால் வருகை நூறு விழுக்காடு வரும். எங்கள் பள்ளியில் அப்படி ஒருவர் யோசனையே சொன்னார், பேர் வேண்டாம்.

நீங்கள் சொல்லாத ஒரு குறை உங்கள் நாட்டு முறையில் இருக்கிறது. மைகார்டு (உங்கள் அடையாள அட்டை) முகவரிப்படி பேர் ஏறுகிறது. கோலாலம்பூரில் பத்து வருடமாக வேலை பார்க்கிற பையனின் மைகார்டில் இன்னும் அப்பாவின் தோட்டத்து முகவரி இருந்தால், ஓட்டுப் போட அவன் பேருந்து பிடித்து அங்கே போக வேண்டும். இந்த முகவரி விஷயம் கடைசிக் கேள்வியிலும் வருகிறது.

கேள்வி: 50 வெள்ளி அபராதம் கட்டிவிட்டு ஓட்டுப் போடாமலே இருக்கலாம் என்கிறான் நண்பன். உண்மையா? (பிடோக் வாசகர்)

அது அபராதம் இல்லை. நீக்கப்பட்ட பேரைத் தக்க காரணமில்லாமல் திரும்பச் சேர்க்கக் கேட்டால் கட்டுகிற கட்டணம். உங்கள் நண்பர் ஓட்டுப் போட விரும்பாவிட்டால் அதை ஏன் கட்டுகிறார்? பேர் நீக்கப்பட்டிருந்தால் தேர்தலில் நிற்கவும் முடியாது என்று அவரிடம் சொல்லுங்கள். அப்படி ஒரு ஆசை உள்ளே இருந்தாலும் இருக்கும்.

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். பேரைக் கட்டாயமாகச் சேர்த்து, போடுவதையும் கட்டாயமாக்கிய நம் ஊரில், போடவே வாய்ப்பில்லாமல் பல தேர்தல்கள் போயின. 2001ல் 84 இடங்களில் 55க்குப் போட்டியே இல்லை. தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் 1991லிருந்து 2011 வரை ஐந்து பொதுத்தேர்தலிலும் போட்டியில்லை. 2015ல்தான் அந்தத் தொகுதிக்காரர்கள் வாக்களித்தார்கள். அங்கே இருந்த என் சக ஆசிரியை ஒருவர் நாற்பது தாண்டிய பிறகுதான் முதல் பொதுத்தேர்தல் வாக்குச்சீட்டைக் கையில் வாங்கினார். இலை போட்டார்கள், சோறு வரவில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 84 வயது. அண்ணன் வீட்டில் ஆறு மாதம், என் வீட்டில் ஆறு மாதம், இப்போது நிரந்தரமாக என்னோடு. அடையாள அட்டையில் இன்னும் பழைய தோ பாயோ முகவரிதான். வயதானவரை எதற்கு இதற்காக அலைக்கழிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். சரிதானே? (ஹவ்காங் வாசகி)

சரியில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஏன் என்று சொல்கிறேன்.

1997 ஜனவரி 2ஆம் தேதி. உங்கள் வட்டாரத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை போட்டிருந்தார்கள். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டிருந்தது. பதினோரு மணி இருக்கும். ஒரு பாட்டி வந்தார். நம் ஆள்தான். காதில் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி. நகையைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார். அடையாள அட்டையைக் கைக்குட்டையில் சுற்றி, அதை ரவிக்கைக்குள் இருந்து எடுத்து, முடிச்சை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். வாக்களிப்பு அட்டை இல்லை. "மகன் வீட்டுல இருக்கேன், இந்தா இருக்கு புளோக்" என்று ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். உண்மைதான், அங்கிருந்தே தெரிந்தது, துணி காய்கிற மூங்கில் கழியோடு.

ஸ்கேலை மேலிருந்து கீழே இரண்டு தடவை நகர்த்தினேன். பேர் இல்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், பழைய முகவரி, தீவின் இன்னொரு பக்கம். அந்தத் தொகுதியில் போட்டியே இல்லை. அந்த ஆண்டு 83 இடங்களில் 47 அப்படித்தான் போயின. அதாவது அவர் அங்கே போனாலும் ஓட்டு இல்லை, இங்கேயும் இல்லை. "பாட்டி, உங்க பேரு இந்தப் பட்டியல்ல இல்ல" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் தலைகீழாகத் தெரிந்த பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று நினைக்கிறேன். "நல்லாப் பாரும்மா" என்றார். மூன்றாவது தடவையும் பார்த்தேன், இல்லை என்று தெரிந்தே. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மறுபடி கைக்குட்டையில் சுற்றி, முடிச்சுப் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு போனார்.

அந்த மகன் அன்றைக்கு அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்கு ஒரு நடை போயிருந்தால் முகவரி மாறியிருக்கும். அவரும் உங்களைப் போலத்தான் நினைத்திருப்பார், அம்மாவை எதற்கு அலைக்கழிப்பது என்று.

இப்போது எங்கும் போக வேண்டாம். வீடு மாறினால் 28 நாளுக்குள் முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். நீங்கள் தாமதித்திருக்கிறீர்கள், பரவாயில்லை. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையச் சேவையில் சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளம்) மூலம் செய்யலாம். புது முகவரிக்குத் தபாலில் ஒரு ரகசிய எண் வரும். அதைப் போட்டு முடிக்க வேண்டும். அந்தக் கடிதத்தைப் பீட்சா விளம்பரத்தோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தேர்தல் அறிவித்த பிறகு மாற்றினால் பலன் இல்லை. பதிவேட்டுக்கென்று ஒரு தேதி வைப்பார்கள். 2025 தேர்தலுக்கு அது பிப்ரவரி 1. அன்றைக்கு அடையாள அட்டையில் எந்த முகவரியோ அந்தத் தொகுதிதான். மாற்றி முடித்த பிறகு, பதிவேட்டை அடுத்த முறை திருத்திப் பார்வைக்கு வைக்கும்போது, தேர்தல் துறை இணையப் பக்கத்திலோ சமூக மன்றத்திலோ பேர் எந்தத் தொகுதியில் ஏறியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.